குன்றும் குன்னும்

நின்றுகொண்டே செலுத்தும் ஈருருளி வண்டி ஒன்று உண்டு. அதன் பெயர் செக்வே. மிதிவண்டியின் சக்கரங்கள் முன்னும் பின்னுமாக அமைந்திருக்கும். செக்வேயின் சக்கரங்களோ இடமும் வலமுமாக அமைந்தவை. அவற்றின் நடுவே இரு பாதங்களை ஊன்றுமளவுக்கு ஒரு சிறு மேடையும், அதிலிருந்து இடுப்பளவுக்கு மேல் உயரும் கைப்பிடித் தண்டும் இருக்கும். வேகமுடுக்கி இல்லை, பிரேக்கும் இல்லை. நிற்பவர் உடலைச் சற்று முன்னே சாய்த்தால் வண்டி முன்செல்லும். பின்னே சாய்த்தால் வேகம் தணிந்து நிற்கும்.

டீன் கேமன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 2001ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இதனை உலகுக்கு அறிமுகம் செய்தார். நகரங்களில் மகிழுந்தின் இடத்தை இவ்வண்டி பிடித்துவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. விலை மிகுதி, சாலையில் செல்வதா, நடைபாதையில் செல்வதா என்னும் வழக்கும் தீரவில்லை. 2020ஆம் ஆண்டு இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆயினும் வேறொரு பணி இதற்கு வாய்த்தது. புதிய ஊரைக் காண வந்தவர்களை வழிகாட்டி ஒருவர் சிறு குழுவாக அழைத்துச் செல்லும் நகர உலாவுக்கு இவ்வண்டி பல நாடுகளில் பயன்பட்டது.

இரண்டே சக்கரங்கள், அவையும் பக்கவாட்டில் அமைந்தவை. அவ்வாறிருந்தும் வண்டி கவிழாமல் நிற்பது எவ்வாறு? துடைப்பக்குச்சியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தும் சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் அவன் கையை நகர்த்துகிறான். செக்வேயும் அதனையே செய்கிறது. சாய்வை அறியும் உணரிகள் நொடிக்கு நூறு முறை மேடையின் நிலையை அளக்கின்றன. சாயும் திசையை நோக்கி மின்னோடிகள் சக்கரங்களை உருட்டுகின்றன. சிறுவனின் கண் உணரி, கை சக்கரம்.

சமநிலத்தில் இஃது எளிது. மேடு வரும்போதுதான் வண்டியின் திறமும், செலுத்துபவரின் திறமும் தெரியும். ஏற்றத்தில் உடலை முன்னே சாய்த்து நிற்க வேண்டும். மின்கலம் விரைவில் தீரும். இறக்கத்தில் பின்னே சாய வேண்டும். அப்பொழுது சக்கரங்களே மின்னோடியைச் சுழற்றி மின்சாரம் ஆக்க, அது மின்கலத்துக்குத் திரும்புகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்கலத்தை முழுமையாக நிரப்பிக்கொண்டு உச்சியிலிருந்து நீண்ட இறக்கத்தில் புறப்பட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இராது. கருவி எச்சரிக்கை செய்யும். பொருட்படுத்தாமல் இறங்கினால் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற இயலாதது போன்றது இது. ஆதலால் வழிகாட்டி முதலில் ஊரைக் காட்டுவதில்லை. சமதளத்தில் ஏறவும் இறங்கவும் திரும்பவும் பயிற்றுவிக்கிறார். தலைக்கவசம் அணியச் செய்கிறார். பின்னர் வாத்துக் கூட்டம்போல் ஒருவர்பின் ஒருவராக அழைத்துச் செல்கிறார்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இத்தகைய உலாவுக்குப் பெயர்பெற்றது. ஒருபுறம் பெருங்கடல், ஒருபுறம் விரிகுடா, இடையில் செங்குத்தான குன்றுகள். குதிரைவண்டிகள் வழுக்கி விழுந்த அந்நகரத் தெருக்களில்தான் 1873ஆம் ஆண்டு, நிலத்தடியில் ஓடும் இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் ஊர்தி ஓடத் தொடங்கியது. அந்நகரமே 2002இன் இறுதியில் செக்வேயை நடைபாதையில் ஓட்டக் கூடாது எனத் தடை விதித்தது. நடப்பவருக்குரிய இடத்தை வண்டி பறிக்கக் கூடாது என்பது அதன் காரணம். அது தக்க காரணமே.

கடலும் குன்றும் கலந்த நகரம் ஒன்று தமிழ்நாட்டின் எல்லையை அடுத்தே உள்ளது. அது கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரம். ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம் என்று அதனை வழங்குவர். மேற்கே அரபிக்கடல், கிழக்கே மேற்குத்தொடர்ச்சி மலை, இடையில் செந்நிற வெட்டுக்கல் குன்றுகள். குன்றுகளின் இடையே கிள்ளியாறும் கரமனையாறும் வளைந்து செல்கின்றன. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பணியின் பொருட்டு இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றின் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கேட்கின்றனர். தமிழை வீட்டில் கேட்கின்றனர். இது பிறருடைய ஊர் என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பு.

இந்நகரை வழிகாட்டியுடன் சுற்றிக் காண மேற்கூரையில்லாத இரட்டைத்தளப் பேருந்து உண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022ஆம் ஆண்டு இந்த உலாவைத் தொடங்கியது. பின்னர் மின்சாரத்தால் இயங்கும் பேருந்துகளும் வந்தன. மின்பேருந்தும் இறக்கத்தில் மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அவ்வகையில் அது செக்வேக்கு உறவு. இந்நகரில் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கிய நாள் 1938 பிப்ரவரி 20 என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம். அப்போது இது திருவிதாங்கூர் அரசின் தலைநகரம்.

உலா கிழக்கேகோட்டையில் தொடங்குகிறது. இது தாழ்ந்த நிலம். அண்மையில் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் தமிழ்நாட்டுக் கோயிற்கோபுரங்களின் சாயலில் எழுந்து நிற்கிறது. இத்தலத்தை நம்மாழ்வார் தம் திருவாய்மொழியில் பாடியுள்ளார். கோட்டைக்கு எதிரே தொடங்குகிறது நகரின் பழைய கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசர் காலத்தில் உருவான அத்தெருவின் பெயர்ப்பலகையில் ‘சால’ என்னும் பொருளில் மலையாள எழுத்துகள் இருக்கும். தமிழர் அதனைச் ‘சாலை’ என்பர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பேருந்து நில்லாவிட்டாலும் பாடம் நிற்கலாம்.

தமிழில் ‘ஐ’ என முடியும் சொற்கள் பல மலையாளத்தில் ‘அ’ என முடியும். மலை, மல, தலை, தல, கடை, கட, சாலை, சால. மற்றொரு மாற்றமும் உண்டு. தமிழில் ‘ன்ற்’ வரும் இடத்தில் மலையாளத்தில் ‘ன்ன்’ வரும். ஒன்று என்பது ஒன்னு. மூன்று என்பது மூன்னு. கன்று என்பது கன்னு. தமிழர் தம் வீட்டிலும் ‘கன்னுக்குட்டி’ என்றுதான் சொல்கின்றனர். இவ்விரண்டு மாற்றங்களை அறிந்தவர்க்கு இந்நகரின் பெயர்ப்பலகைகள் தாமே பேசும். சுற்றுலா வழிகாட்டிகள் பொதுவாக அரண்மனையைக் காட்டுவர், பலகையைக் காட்டுவதில்லை.

பேருந்து பாளையத்தை நோக்கி மேடேறுகிறது. படை தங்கும் இடம் பாளையம். இச்சொல் இரு மொழிக்கும் பொது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இங்கே கூப்பிடுதூரத்தில் உள்ளன. இதற்கு அப்பால் ஒரு குன்றின் உச்சியில், மன்னர் சுவாதித் திருநாள் 1837ஆம் ஆண்டு நிறுவிய வானாய்வுக்கூடம் இருக்கிறது. அதன் அருகே நேப்பியர் அருங்காட்சியகம். 1880இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிசோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அவர் வடிவமைத்ததே. சென்னைக் கடற்கரையைக் கண்ட கண்ணுக்கு இங்குள்ள கூரை ஓரளவு பழகியதுபோல் தோன்றலாம்.

அடுத்து வருவது கனகக்குன்னு அரண்மனை. கனகம் பொன், குன்னு எது? மேலே கூறிய மாற்றத்தைக் கொண்டு பார்த்தால் ‘பொற்குன்று’ என்பது விளங்கும். வெள்ளயம்பலம் என்பது வெள்ளை அம்பலம். நாலாஞ்சிற என்பது நாலாஞ்சிறை. நீரைத் தடுக்கும் கரைக்குச் சிறை என்பது பழந்தமிழ்ப் பெயர். குன்னுக்குழி என்று ஓர் ஊர்ப்பகுதி உண்டு. குன்றும் குழியும்! இந்நகரின் நிலத்தை இதனினும் சுருக்கமாக எவரும் சொல்லிவிட இயலாது. செக்வேயின் உணரி மேட்டையும் பள்ளத்தையும் சாய்வைக் கொண்டு அறிகிறது. தமிழறிந்த சிறுமி பெயரைக் கேட்டே அறிந்துவிடுகிறாள்.

வெள்ளயம்பலத்திலிருந்து கவடியார் வரை அகன்ற நேர்சாலை. செக்வேயில் உலா வருவதற்கு இந்நகரில் ஏற்ற இடம் தேடினால் இதனையே முதலில் சுட்டலாம். கவடியாருக்கும் அப்பால் நிலம் மேலும் உயர்ந்து பேரூர்க்கடையை அடைகிறது. அங்கிருந்து நிறைந்த மின்கலத்துடன் எவரும் கீழிறங்க முயலக் கூடாது.

பேரூர்க்கடையில் ஒருவர் வாழ்ந்தார். அவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். இந்நகரின் மகாராஜா கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர். தம் ஆசிரியர் ஆர்வியின் நினைவாகத் தம் இல்லத்துக்கு ஆர்விபுரம் என்று பெயரிட்டார். 1891ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் கவிதை நாடகத்தின் தொடக்கத்தில் உள்ள வாழ்த்தின் ஒரு பகுதியே, 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து. சென்னையிலும் மதுரையிலும் பிள்ளைகள் எழுந்து நின்று பாடும் பாடலை இயற்றியவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆசிரியர். மலையாளம் வழங்கும் தெருவில் நடந்து, தமிழில் எழுதியவர் அவர்.

அவருக்குப் பின்னும் அவ்வாறு எழுதியவர்கள் உண்டு. நாலாஞ்சிறையில் குன்றின்மேல் உள்ள மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் கவிதையும் நாவலும் எழுதினார் நகுலன். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன், தம் கண்முன் நடமாடிய சுமைதூக்குவோரையும் சிறுவணிகரையும் கதைகளில் நிறுத்தினார். 2015ஆம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ என்னும் நாவலின் களம் இந்நகரமே. அவருடைய மற்றொரு நூலுக்கு 2007ஆம் ஆண்டு அதே விருது வழங்கப்பட்டது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரமாயிற்று. உறவினர் ஒரு மாநிலத்திலும் தாம் ஒரு மாநிலத்திலுமாக, சாலையிலும் கரமனையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கின. கோடு நிலப்படத்தில் விழுந்தது. ஊர்ப்பெயர்கள் இடம்பெயரவில்லை.

மாலையில் பேருந்து குன்றுகளை விட்டிறங்கிச் சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. உப்புக்காற்று மேல்தளத்தில் நேரே முகத்தில் மோதும். ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசுவாமி கோயில் விழாவின் இறுதிநாளில் இறைவடிவங்கள் ஊர்வலமாக இங்கே கொண்டுவரப்பட்டுக் கடலில் நீராட்டப்படும். ஊர்வலப் பாதை விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்வதால், அன்று சில மணிநேரம் விமானங்கள் இறங்குவதில்லை, ஏறுவதுமில்லை. மலையாள நாட்காட்டியில் அம்மாதங்களின் பெயர்கள் துலாம், மீனம் என்பன. விழாக்களின் பெயர்களோ அல்பசி உற்சவம், பைங்குனி உற்சவம். அல்பசி என்பது ஐப்பசி. பைங்குனி எந்த மாதம் என்பதைப் பிள்ளைகளே கூறிவிடுவர்.

பயிற்சி

1. நிறைந்த மின்கலத்துடன் செக்வேயில் நீண்ட இறக்கத்தில் செல்லக் கூடாது. ஏன்?
2. மண்விள, முடவன்முகள், குன்னுக்குழி, பேரூர்க்கட: இப்பெயர்களைத் தமிழ் வடிவில் எழுதுக. விளை என்பதன் பொருளையும், முகள் என்பதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல்லையும் வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிக.
3. நீங்கள் வாழும் தெருவிலிருந்து பள்ளி வரை உள்ள ஏற்ற இறக்கங்களைக் குறித்து ஒரு படம் வரைக. வழியில் காணும் பெயர்ப்பலகைகளில் தமிழோடு தொடர்புடைய மூன்று பெயர்களை அதில் எழுதுக.
4. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதன்பொருட்டு இங்கே வந்தது? ஐந்து தொடர்களில் எழுதுக.