எடை குறைவது நின்றுவிட்டதா? கலங்க வேண்டாம்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. அந்தச் சுவரை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இன்று நம் அன்பர்களில் பலர் உடல் எடையைக் குறைக்க முயன்று வருகிறார்கள். இது பாராட்டத்தக்க முயற்சி. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர், அதாவது இருவரில் ஒருவர், மிகை எடையோடோ உடற்பருமனோடோ இருந்தனர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் இந்த அளவு மிக அதிகம். நீரிழிவு நோயும் அவ்வாறே.

எடையைக் குறைக்கத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். முதல் சில மாதங்கள் தராசு முள் மளமளவென்று இறங்குகிறது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. அதே உணவு, அதே காலை நடை. ஆனாலும் ஒரு கிலோகூட இறங்குவதில்லை. “என் உடம்பு வாகே இப்படித்தான்” என்று சலித்துக்கொண்டு பழைய வழக்கத்திற்குத் திரும்பிவிடுகிறார்கள். அரும்பாடுபட்டுக் குறைத்த எடையும் திரும்பி வந்துவிடுகிறது.

இந்த நிலையை ‘எடைத் தேக்கம்’ எனலாம். முயற்சி செய்வோரில் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இது வந்தே தீரும். ஆகவே இது தோல்வியன்று. பழைய கணக்கு முடிந்துவிட்டது, புதுக் கணக்குப் போட வேண்டும் என்று உடல் சொல்லும் செய்தி அது. அந்தக் கணக்கைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

தேக்கம் ஏன் ஏற்படுகிறது?

முதல் சில வாரங்களில் விரைவாகக் குறைவது முழுவதும் கொழுப்பு அன்று. நம் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துள்ளன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்தவுடன் முதலில் கரைவது இந்தச் சேமிப்புத்தான். நீரும் வெளியேறுவதால் எடை சட்டென்று இறங்குகிறது. அதே வேகம் பின்னரும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயலாத காரியம்.

அடுத்ததாக ஓர் எளிய கணக்கு. 80 கிலோ எடையுள்ள ஓர் அம்மையார் நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1,600 கலோரி அளவுக்கு உண்டால் தினமும் 400 கலோரி பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையை உடல் தன் கொழுப்பிலிருந்து ஈடு செய்வதால் எடை குறைகிறது. சில மாதங்களில் 8 கிலோ குறைந்து 72 கிலோவுக்கு வந்துவிடுகிறார். இப்போது அவர் சுமந்து நடக்கும் பாரம் குறைவு. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு ஏறக்குறைய 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். 25 என்று கொண்டால், 8 கிலோவுக்கு 200 கலோரி. அவருடைய செலவு இப்போது 1,800. பற்றாக்குறை 400லிருந்து 200ஆகிவிட்டது.

மீதமுள்ள 200 கலோரி எங்கே போகிறது? ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒரு கரண்டி டின் பால் சுமார் 65 கலோரி. தாளிப்பில் எண்ணெய் சற்றுக் கூடி, மாலையில் ஒரு தே தாரேக்கும் சேர்ந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். வரவும் செலவும் சமம். தராசு முள் அசைய மறுக்கிறது.

பசி என்னும் காவலாளி

“நான் எதையும் கூட்டிச் சாப்பிடவில்லையே!” என்று அந்த அம்மையார் கேட்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. உடல் நமக்குத் தெரியாமலே பசியைக் கூட்டிவிடுகிறது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். உடலின் கொழுப்பு அணுக்களே இதைச் சுரந்து, “சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது” என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கொழுப்புக் குறையும்போது லெப்டினும் குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டதோ என்று மூளை எண்ணிப் பசியைத் தூண்டுகிறது. 2016ஆம் ஆண்டில் கெவின் ஹாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவதே பல மடங்கு வலியது.

நினைவும் நமக்கு முழுத் துணை செய்வதில்லை. “குறைவாகத்தான் உண்கிறோம், எடை இறங்கவில்லை” என்று கூறிய சிலரை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்து, முடிவுகளை 1992இல் வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதை உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகவும், உடல் உழைப்பை 51 விழுக்காடு அதிகமாகவும் சொல்லியிருந்தது தெரியவந்தது. சமைக்கும்போது உப்புப் பார்த்தது, பேரப்பிள்ளை மிச்சம் வைத்ததைத் தின்றது, விருந்தில் ஒரு கை முறுக்கு எடுத்தது ஆகியவை எவர் நினைவிலும் நிற்பதில்லை.

பட்டினி தீர்வாகுமா?

முள் நின்றவுடன் பலர் செய்வது ஒரு வேளை உணவை அடியோடு நிறுத்திவிடுவது. இது நல்லதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆடவரை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களின் எடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வு நிலையில் உடல் செலவழிக்கும் சக்தியோ சுமார் 40 விழுக்காடு குறைந்துவிட்டது. சோர்வு, குளிர், எரிச்சல், எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவு ஆகியவை அவர்களை வாட்டின.

உடலை மிகவும் வாட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். அறுபதைக் கடந்தவர்களுக்கு இது பெரும் இழப்பு. தசை குறைந்தால் கால் தள்ளாடும். விழுந்தால் எலும்பு முறியும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கக்கூடும். சஷ்டி விரதமோ தைப்பூச விரதமோ ஏற்கும் அன்பர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எடை நின்றுபோன சமயம் பார்த்து, “இந்தக் காப்பியைக் குடியுங்கள், பத்து நாளில் மெலியலாம்” என்று தெரிந்தவர்களே விற்க வருவார்கள். இதயத்திற்குத் தீங்கு என்று பல நாடுகளில் 2010ஆம் ஆண்டில் மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து இத்தகைய பொருள்களில் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக மலேசியா, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்துள்ளனர். அவற்றைத் தொட வேண்டாம்.

தேக்கத்தைக் கடக்கும் வழிகள்

முதலாவது, உண்மையிலேயே தேக்கந்தானா என்று பாருங்கள். உப்பு மிகுந்த உணவு, மலச்சிக்கல் போன்றவற்றால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வாருங்கள். நான்கு வாரச் சராசரி அசையாமல் இருந்தால்தான் அது தேக்கம். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். ஆசிய இனத்தவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பது நலம். சில சமயம் தராசு நின்றாலும் இடுப்பு குறைந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஏழு நாள்களுக்கு வாயில் போகும் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சாப்பிட்டவுடனே எழுத வேண்டும். இரவில் யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். சனி, ஞாயிறு, திருமண விருந்து எதையும் விட வேண்டாம். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பலருக்கு மறைந்திருந்த 200 கலோரி இந்த ஏட்டிலேயே அகப்பட்டுவிடும்.

மூன்றாவது, தட்டை மாற்றி அடுக்குங்கள். மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையில், தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் சைவச் சாப்பாட்டில் பெரும்பாலும் சோறே முக்கால் தட்டை அடைத்துக்கொள்கிறது. பருப்பு, கடலை, பச்சைப்பயறு, தெம்பே, தயிர் ஆகியவற்றைக் கூட்டினால் பசியும் அடங்கும், தசையும் காக்கப்படும். முதியோர் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் உண்பது நல்லது என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். பானத்தில் காப்பி ஓ கோசோங், மோர், வெந்நீர் இவை போதும்.

நான்காவது, நடையோடு தசைப் பயிற்சியையும் சேருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை. இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கி இறக்குவது ஆகியவையே தொடக்கத்திற்குப் போதும்.

ஐந்தாவது, இவ்வளவு செய்தும் பலனில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு இருக்கலாம். இன்சுலின், சில நீரிழிவு மாத்திரைகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றக்கூடியவை. மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். இப்போது பேசப்படும் வாராந்தர ஊசி மருந்தான செமாகுளுடைடு பற்றியும் அவரிடமே கேளுங்கள். 2021இல் வெளிவந்த ஆய்வில் 68 வாரங்களில் எடை சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மருந்தும் வாழ்க்கை முறைக்கு மாற்று அன்று.

தராசு காட்டாத பயன்

இனி, மிக முக்கியமான செய்தி. நம் மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு இது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை குறிப்பிடும் அளவுக்குக் குறையவே இல்லை! தராசு நின்றிருந்தது, பயன் நிற்கவில்லை.

அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வு எடையில் 7 விழுக்காடு குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தது. அதில் நீரிழிவு வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் இது 71 விழுக்காடு. எனவே 80 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்து நின்றுவிட்டவர் தோற்றவர் அல்லர். அந்த 74ஐக் காத்துக்கொள்வதே ஒரு வெற்றி.

நாம் செய்யக்கூடிய உதவி

தனி ஒருவரின் முயற்சிக்குச் சுற்றி இருப்போர் துணை வேண்டும். அன்னதான உபயம் ஏற்கும் அன்பர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். ஒரு காய்கறியைக் கூட்டி, ஒரு பொரித்த பண்டத்தைக் குறைக்கலாம். பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் கொடுக்கலாம். சுண்டலும் மோரும் தாராளமாக வழங்கலாம். “போதும்” என்று கையசைப்பவரை வற்புறுத்தாமல் விடுவதும் அன்புதான். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது என்பதை நினைவில் கொள்வோம்.

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர் இடையிடையே உள்ள தளங்களில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். நின்றுவிட்டோமே என்று எவரும் கீழே இறங்கிப் போவதில்லை. எடைத் தேக்கமும் அத்தகைய ஒரு தளமே. சற்று நில்லுங்கள், கணக்கைச் சரிபாருங்கள், பிறகு அடுத்த படியில் கால் வையுங்கள்.

அன்பர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வும் நிறைந்த நலமும் பெற்று வாழ வாழ்த்துகிறேன்.