இணைப்பு எங்கே அறுந்தது?
(லினக்ஸ் கணினியில் இடத்துரி வலையமைப்பைச் சோதித்தல்)



வில்கமுவவில் நான் நடத்தும் வகுப்பில் ஐந்து கணினிகள் உள்ளன. சுவிட்ச் எனப்படும் ஓர் ஆளியே அவற்றை இணைக்கின்றது. அவற்றின் பணிசெயல் முறைமை, லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு ஆகும். கடந்தகால வினாத்தாள்கள் முதலாம் கணினியில் இருக்கும். ஏனையவை வலையமைப்பினூடாக அவற்றைப் பெறும்.

பரீட்சைக்கு முந்திய வாரம் ஒருநாள், நான்காம் கணினியில் வினாத்தாள் திறக்கவில்லை. “இன்டர்நெட் இல்லை டீச்சர்” என்று கூறி மாணவர் எழும்பிவிட்டனர். கலைப் பட்டதாரியான நானும், திருத்துபவர் வரட்டும் என இருந்துவிட்டேன். மறுநாள் அவர் வந்து, ஆளியில் கழன்றிருந்த வடத்தை அழுத்தினார். அவ்வளவுதான். பரீட்சைக்கு முன் ஒரு மாலை வீணானது.

அன்று நாம் விட்ட பிழை என்ன? இணையம் இல்லாமை வேறு, வலையமைப்பு இல்லாமை வேறு. ஒரே அறையிலுள்ள கணினிகள் கோப்புகளைப் பரிமாற இணையம் தேவையில்லை. ஆகவே “அருகிலிருந்து தொலைவுக்கு” என்ற ஒழுங்கில் சோதிக்க வேண்டும்.

படி 1: வடம்
வடத்தின் இரு முனைகளையும் அழுத்திப் பார்க்க. ஆளியில் அதற்குரிய சிறு விளக்கு எரிகின்றதா? எரியாவிடின் வடத்தை வேறு துவாரத்தில் செருகுக, அல்லது வடத்தை மாற்றுக.

படி 2: முகவரி
முனையச் சாளரத்தைத் திறந்து ‘ஐபி’ என எழுதி, இடைவெளி விட்டு ‘ஏ’ என எழுதுக. கட்டளைகள் யாவும் சிறிய ஆங்கில எழுத்துகளிலேயே அமையும். 127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அதை விடுத்து மற்றையதைப் பார்க்க. 192.168.1.14 போன்ற முகவரி இருப்பின் நன்று. ‘நோ கேரியர்’ எனக் காட்டினால் படி 1 இற்குத் திரும்புக.

படி 3: அயற் கணினி
‘பிங்’ என எழுதி, இடைவெளி விட்டு அயற் கணினியின் முகவரியை எழுதுக. பிங் சிறு பொதி ஒன்றை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். 1983 இல் மைக் மூஸ் என்பவர் யுனிக்ஸ் கணினிக்காக இதனை எழுதினார். நீருக்கடியில் ஒலியலை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இதன் பெயர். விண்டோஸில் பிங் நான்கு முறையுடன் நின்றுவிடும். லினக்ஸில் கொன்ட்ரோல், சி விசைகளை ஒருங்கே அழுத்தும்வரை தொடரும்.

பதில் வந்தும் கோப்பு திறக்காவிடின், வடத்தில் பிழையில்லை. கோப்புப் பகிர்வு அமைப்பைப் பார்க்க. பதில் வராவிடின், அக்கணினி இயங்குகின்றதா எனப் பார்த்து, இன்னொரு கணினிக்கும் அனுப்பிப் பார்க்க. சில கணினிகளின் தீச்சுவர் பிங்கிற்குப் பதிலளிக்க விடாது.

படி 4: வழிப்படுத்தி
‘ஐபி ரூட்’ என்னும் கட்டளையில் ‘டிஃபோல்ட்’ எனத் தொடங்கும் வரியிலுள்ள முகவரியே நுழைவாயில், அதாவது றவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி. அதற்கும் பிங் அனுப்புக.

படி 5: வெளியுலகம்
8.8.8.8 இற்கு அனுப்புக. பின்னர் ஓர் இணையத்தளத்தின் பெயருக்கு அனுப்புக. எண்ணுக்குப் பதில் வந்து, பெயர் அறியப்படவில்லை எனக் காட்டினால், பெயரை எண்ணாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமையிலேயே பிழை உள்ளது.

மாதிரி வினா
ஒரு கணினியிலிருந்து அனுப்பிய பிங்கிற்கு அயற் கணினி பதிலளித்தது, வழிப்படுத்தி பதிலளிக்கவில்லை, இணையமும் கிடைக்கவில்லை.
(அ) பிழை எங்கே இருக்கலாம்?
(ஆ) அயற் கணினியிலுள்ள பகிரப்பட்ட கோப்பைத் திறக்கலாமா?

விடை
(அ) வழிப்படுத்தியில், அல்லது அதனை ஆளியுடன் இணைக்கும் வடத்தில். அயற் கணினி பதிலளித்தமையால் இக்கணினியின் வடமும் முகவரியும் சரியானவை.
(ஆ) ஆம். அதற்கு இணையம் தேவையில்லை.

நினைவிற் கொள்க
“வேலை செய்யவில்லை” என்பது விடையன்று. எந்தப் படிவரை வேலை செய்கின்றது என்பதே விடை. அதைச் சொல்லத் தெரிந்தால் வினாத்தாளில் புள்ளி கிடைக்கும். திருத்துபவர் வெகுதொலைவிலிருந்து வரவேண்டிய நம் ஊரில் ஒரு நாளும் மிச்சமாகும்.