பைட்டேஸ் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: கட்லா, ரோகு வளர்க்கிறேன். தவிடு, புண்ணாக்கு கலந்து தீவனத்தை நானே தயாரிக்கிறேன். பைட்டேஸ் நொதி சேர்க்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாங்கலாம், விசாரித்த பிறகு. தவிடு, புண்ணாக்கில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. மீனால் அதைச் செரிக்க முடியாது. அது கழிவோடு வெளியேறிக் குளத்தைக் கெடுக்கும். அந்தக் கட்டை அவிழ்ப்பதே பைட்டேஸின் வேலை.

முதலில், கிலோ விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கிராமில் எத்தனை அலகு செயல்திறன் என்று கேளுங்கள். கிலோ தீவனத்துக்கு 500 அலகு தேவை என்றால், கிராமுக்கு 5,000 அலகு உள்ள சரக்கு டன்னுக்கு 100 கிராம் போதும். 2,500 அலகு என்றால் 200 கிராம் வேண்டும். டன்னுக்கு ஆகும் செலவை ஒப்பிடுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். இந்த அலகை வழக்கமாக அளப்பது 37 டிகிரி வெப்பம், 5.5 பி.எச். அமிலத்தன்மையில். கெண்டை இன மீன்களுக்கு இரைப்பையே இல்லை. குடலில் அமிலமும் இல்லை. எனவே 7 பி.எச்.சிலும் உங்கள் குளத்து நீரின் வெப்பத்திலும் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஆய்வறிக்கை கேளுங்கள். கோழிக்கான அறிக்கையைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

குருணையாக்கும் சூட்டில் நொதி அழியலாம். ஆறிய பிறகு தெளிக்கும் திரவ வகை பாதுகாப்பானது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

ஒரே குளத்தில் இரண்டு வலைக்கூண்டுகள் கட்டி, ஒன்றுக்கு மட்டும் நொதித் தீவனம் கொடுத்து எடை பாருங்கள். பலன் தெரிந்தால், பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைப் படிப்படியாகக் குறையுங்கள். லாபம் அங்கேதான் இருக்கிறது.