சத்தம் வராத கணினி: கடைக்குக் கொண்டுபோகுமுன் பாருங்கள்

கனடாவிலிருந்து மகள் கதைக்கிறாள். திரையில் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம். பண்டத்தரிப்பில் தனியே இருக்கும் முதியவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறத் தேவையில்லை. பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது, சத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் கீழுள்ள வழிகள் பொருந்தும்.

1. திரையின் வலது கீழ்மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதில் பெருக்கல் குறி தெரிந்தால் சத்தம் நிறுத்தப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10இல் அந்தக் குறி சிவப்பாக இருந்தால் கதை வேறு: ஒலிக்கருவி எதையும் கணினி காணவில்லை. வயரைப் பாருங்கள்.

2. எச்டிஎம்ஐ வயர் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் கணினி அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்போனும் இப்படித்தான் சத்தத்தை இழுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10இல் ஸ்பீக்கர் படத்தை அமுக்கி, மேலே தெரியும் பெயரை அமுக்கினால் பட்டியல் விரியும். சரியான ஸ்பீக்கரைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 11இல் சத்தக் கோட்டின் வலப்பக்கத்துச் சிறு குறியை அமுக்க வேண்டும்.

3. கணினிப் பெட்டியின் பின்பக்கம் பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலத்தில் செருகினால் ஒன்றும் கேட்காது. மாதகல் கடல் கிட்ட இருப்பதால் உப்புக்காற்றில் செருகியின் முனை கறுத்துப்போகும். கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். எண்ணெய் பூசவே வேண்டாம்.

4. சூமில் மைக் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஹெட்போன் படம் நின்றால், நீங்கள் இன்னும் ஒலியில் சேரவில்லை. உங்களுக்கும் கேட்காது, அவர்களுக்கும் கேட்காது. பலர் தடுமாறும் இடம் இதுதான். அதை ஒருமுறை அமுக்கிச் சேருங்கள். மைக்கின் குறுக்கே சிவப்புக் கோடு என்றால், உங்கள் குரல் மட்டும் அவர்களுக்குப் போகவில்லை.

5. இன்னும் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினியை நிறுத்தும் பட்டியலில் பிறைநிலா உறக்கத்துக்கு, வட்டமாக வளைந்த அம்பு ரீஸ்டார்ட்டுக்கு. நிறுத்தி மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல: சாதாரணமாக நிறுத்தும்போது அடுத்தமுறை கெதியாகத் திறப்பதற்காக விண்டோஸ் சிலவற்றை அப்படியே சேமித்துவைக்கும், சிக்கலும் கூடவே தங்கிவிடலாம்.

6. கடைசியாக, அதே ஸ்பீக்கரை ஒரு போனில் செருகிப் பாருங்கள். அங்கும் ஊமை என்றால் ஸ்பீக்கரை மட்டும் கடைக்குக் கொண்டுபோனால் போதும்.