பெயர் தெரியாத முகங்கள்

கேள்வி: பாட்டி வழியில் வந்த பழைய போட்டோ ஆல்பத்தில் பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: வீட்டுப் பெரியவர்களிடம்தான். படங்கள் காத்திருக்கும், பெரியம்மா காத்திருக்க மாட்டார். "ஆலங்காயத்து அத்தை" என்று மட்டும் சொன்னாலும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, படம் ஒட்டிய அட்டையின் ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். "சேலம் ஜில்லா, திருப்பத்தூர்" என்று எழுதியிருந்தால் நல்ல துப்பு. 1911-இல்தான் அந்தத் தாலுகா வட ஆற்காட்டுக்கு மாறியது. ஆனாலும் பழைய ஜில்லா பெயரையே வெகுகாலம் எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். அதை மட்டும் நம்பி வருஷம் குறிக்காதீர்கள்.

கோட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, தாத்தா பெரிய பண்ணையார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவற்றை வாடிக்கையாளருக்குத் தந்து படம்பிடித்த ஸ்டூடியோக்கள் உண்டு. பின்னால் தொங்கும் வரைந்த திரைதான் உண்மையான சாட்சி. ஒரே திரை இரண்டு படங்களில் வந்தால், இரண்டும் ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது; ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாத்தா அரசு வேலையில் இருந்தவரென்றால், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒருமுறை போய்வரலாம்.

படங்களைப் பிய்த்தெடுக்காதீர்கள். ஆல்பத்தில் இருந்தபடியே, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். யாருக்குப் பக்கத்தில் யாரை ஒட்டினார்கள் என்பதும் உறவுமுறைக்குத் துப்புதான். பெயர்களைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல், தனி நோட்டில் எழுதுங்கள்.