மருந்து சுமக்கும் டிஎன்ஏ கூழ்

கேள்வி: டிஎன்ஏவால் செய்த ஹைட்ரோஜெல்லை உடலில் செலுத்தினால் நம் மரபணு மாறிவிடாதா?

பதில்: அந்த அச்சம் வேண்டியதில்லை. இங்கே டிஎன்ஏ வெறும் கட்டுமானப் பொருள். எந்தப் புரதத்துக்கும் அதில் குறிப்பு எழுதப்படுவதில்லை. 2006-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டான் லுவோ குழுவினர் கிளைவிட்ட டிஎன்ஏ துண்டுகளை லைகேஸ் என்ற நொதியால் இணைத்து, நீரைத் தேக்கும் வலையாக்கினார்கள். கடும் வெப்பமோ நச்சுக் கரைப்பானோ தேவைப்படாததால், கூழ் உருவாகும்போதே இன்சுலினையும் உயிருள்ள செல்களையும் உள்ளே பொதித்துவைக்க முடிந்தது; என் பார்வையில் இதுதான் இதன் பெரும்பலம். உடலிலுள்ள நியூக்ளியேஸ் நொதிகள் வலையை மெல்ல அறுக்க, மருந்து வெளிவரும். அவையே கூழை அவசரமாகக் கரைத்துவிடாதா என்றால், கரைக்கலாம். இணைப்புகளை நெருக்கினால் தாமதப்படுத்தலாம். மெய்யான தடைகள் வேறு: செயற்கை டிஎன்ஏவின் விலையும், சில வரிசைகள் நோயெதிர்ப்பைத் தூண்டுவதும். பின்னதைத் தடுப்பூசி ஆய்வாளர்கள் சாதகமாகவே பயன்படுத்துகிறார்கள். இப்போதைக்குச் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும்தான் நடக்கின்றன; இதைக் காட்டி யாராவது உடனடிச் சிகிச்சை விற்றால் நம்பாதீர்கள்.