சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கா? கோளாறு எங்கே என்று பாருங்கள்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவர், மகளின் வருமானச் சான்றுக்கு மொபைலிலேயே விண்ணப்பிக்கிறார். கட்டணம் போய்விட்டது, ரசீது வரலை. சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம் கழித்து அதே பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. இப்படி வந்து வந்து போகும் கோளாறைத்தான் பிடிப்பது கஷ்டம்.

முதலில் உங்கள் பக்கம். ஜூஜூவாடி மாதிரி எல்லை ஊர்களில் போன் கர்நாடக டவருக்குத் தாவலாம். தாவும் நேரத்தில் இணைப்பு அறுபடலாம். வைஃபையில் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே பிழை, சேலத்தில் இருக்கும் உறவினருக்கும் அதே பிழை என்றால் போன் மேல் தப்பில்லை.

அந்தப் பக்கம் பல காரணங்கள் இருக்கலாம். அதிகம் பேசப்படாத ஒன்று, ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க். தரவு மையத்தில் சர்வர் ஓரிடம், தகவல் இருக்கும் டிஸ்க்குகள் வேறிடம். இரண்டையும் கண்ணாடி இழை கேபிள்களும் சுவிட்சுகளும் இணைக்கும். பொதுவாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று முழுசா அறுந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். அரைகுறையாகக் கெட்டால்தான் தொல்லை: அந்த வழியில் போன கோரிக்கைகள் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஒளி போகும் இழையின் நடுப்பகுதி பெரும்பாலும் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. முனையில் ஒரு தூசி போதும். பதில் வராவிட்டால் லினக்ஸ் சர்வர் வழக்கமாக 30 வினாடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். அதுவரை உங்கள் சக்கரம் சுற்றும்.

பொறியாளர்கள் சுவிட்சில் பதிவான பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, எந்தப் போர்ட்டில் எண் ஏறுகிறது என்று கவனிப்பார்கள். பிறகு கேபிளை மட்டும் மாற்றுவார்கள். எண் நின்றால் குற்றவாளி கேபிள். ஏறிக்கொண்டே இருந்தால் ஒளி மாட்யூல், அப்புறம் போர்ட். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

இதில் அவர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது நேரம். "நேத்து சைட் வேலை செய்யலை" என்ற புகாரை வைத்து லாக்கில் ஒன்றும் தேட முடியாது. "மாலை 6.42, விண்ணப்ப எண் இது" என்றால் தேடலாம். நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் பிடித்திருந்தால் உடனே மறுபடி கட்டாதீங்க. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். அப்படியும் ரசீது வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100-ல் புகார் பதியலாம். ஓடிபியும் யூபிஐ பின்னும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.